பீரங்கியை இழுத்த மாடு

1791 மே மாதக் கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் எதிரே ஒரு தளபதி தன் பீரங்கிகளைத் தானே உடைத்தார். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் பெங்களூர்க் கோட்டையைத் தகர்த்துப் பிடித்திருந்த ஆங்கிலேயப் படைத்தலைவர் காரன்வாலிஸ் அவர். மே 15 அன்று அரக்கெரேயில் நடந்த சண்டையில் திப்பு சுல்தானின் படையைப் பின்வாங்கவும் வைத்திருந்தார். மதில் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது; அதை உடைக்கும் பெரும் பீரங்கிகளும் கையில் இருந்தன. இல்லாதவை இரண்டு: மாட்டுக்குத் தீவனம், மனிதருக்கு அரிசி. திப்புவின் ஆட்கள் வழியெல்லாம் புல்லையும் தானியத்தையும் எரித்திருந்தார்கள். கோடை முடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. நோயும் பட்டினியும் சேர்ந்து இழுவை மாடுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தன. இழுக்க மாடில்லாத பீரங்கி எதிரிக்கு விட்டுச்செல்லும் பரிசுதான். அதனால் அவற்றை உடைத்துப் போட்டுவிட்டு, வென்ற படை தோற்ற படையைப்போல வந்த வழியே திரும்பியது. மலபாரிலிருந்து மலையேறி வந்திருந்த அபர்குரோம்பியின் படையும் பெரும் பீரங்கிகளைக் கைகழுவிவிட்டே மலையிறங்கியது. திரும்பும் வழியில் ஹரிபந்த், பரசுராம் பாவ் ஆகியோரின் மராட்டியப் படை எதிர்ப்பட்டது. அந்தப் படையோடு ஒரு கடைவீதியே நகர்ந்து வந்தது. விலை கொள்ளை விலைதான். ஆனாலும் தானியம் இருந்தது. அது கிடைத்திராவிட்டால் காரன்வாலிஸின் படையில் எத்தனை பேர் பெங்களூர் சேர்ந்திருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை.

இந்த நிகழ்ச்சியைப் போர் வரலாறுகள் ஒரு தற்காலிகப் பின்னடைவாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆண்டின் வெற்றிக்கு நகர்ந்துவிடும். நான் இதை ஒரு திறவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னாட்டில் நடந்த முற்றுகைகளுக்கு நாம் கேட்டுப் பழகிய காரணங்கள் மூன்று. ஐரோப்பியரின் பீரங்கி உயர்ந்தது. அவர்களுடைய படைக்கட்டுப்பாடு உயர்ந்தது. நம்மவரில் காட்டிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் முற்றுகைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றின் முடிவு மதிலடிக்கு வருமுன்பே, மதிலுக்கு வரும் வழியில் தீர்மானமாகியிருக்கிறது. நெல் எந்த வழியாக வந்தது, அதைச் சுமக்கும் பொதிமாடு யாரிடம் இருந்தது, மழை எப்போது வந்தது, வணிகர் யாரை நம்பிக் கடன் கொடுத்தார் என்பவை குண்டின் எடையைவிட அதிகம் பேசின. முற்றுகையிட்டவனும் பசியால் முற்றுகையிடப்பட்டே நின்றான். இரண்டு பசிகளில் எது முந்தியதோ அது தோற்றது. தமிழ் மரபுக்கு இது புதிய செய்தியும் அல்ல. திருக்குறளின் ‘அரண்’ அதிகாரம் மதிலின் உயரத்தையும் திண்மையையும் சொல்வதோடு, உள்ளே உணவு நிறைந்திருப்பதையும் கோட்டைக்கு இலக்கணமாக்குகிறது. மூவேந்தர் முற்றிய பறம்புமலையைப் பற்றிய கபிலரின் புறநானூற்றுப் பாட்டு, அம்மலையை வெல்ல முடியாததற்கு உழாமலே விளையும் மூங்கில் நெல்லையும் பலாவையும் கிழங்கையும் தேனையும் காரணமாகக் காட்டுகிறது. புலவர்களுக்குத் தெரிந்திருந்ததைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் வெடிப்புகையில் மறந்துவிட்டார்கள்.

முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். கல்மதிலை உடைக்க 24 ராத்தல் குண்டு வீசும் பீரங்கி தேவை. அதன் குழல் மட்டுமே ஏறத்தாழ இரண்டரை டன். ஒரு குண்டு 11 கிலோ. நூறு குண்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் ஆகிவிடும். மதிலில் ஏறிப் போகத்தக்க உடைப்பு விழ ஆயிரக்கணக்கில் சுட வேண்டும். இதற்கு மேல் வெடிமருந்து, மண்வெட்டி, கூடாரம், அரிசி. வீரர் ஒருவருக்குப் பின்னால் வேலையாட்கள், வண்டிக்காரர், கடைக்காரர், குடும்பத்தார் என்று பலர் நடந்தார்கள். அவர்களும் சாப்பிட வேண்டும். நல்ல சாலை இல்லாத நாட்டில் இவ்வளவையும் நகர்த்த மாடு ஒன்றே வழி. அந்த மாடும் தின்ன வேண்டும். ஓரிடத்தில் நின்றுவிட்ட படையைச் சுற்றி இருக்கும் புல் சில நாளில் தீர்ந்துபோகும். முற்றுகை என்பதே ஓரிடத்தில் நிற்பதுதான். ஆகவே அதன் இயல்பிலேயே ஒரு கெடு உண்டு. அதோடு மழையின் கெடுவும் சேர்ந்தது. அன்று கர்நாடகம் எனப்பட்ட தமிழகச் சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை மழை அகழிக் குழிகளை நிரப்பிப் படையைக் காய்ச்சலில் தள்ளும். மைசூரில் ஆனி, ஆடியில் காவிரி பெருகினால் ஸ்ரீரங்கப்பட்டணத் தீவை நெருங்க முடியாது. தளபதி கையில் வைத்திருந்தது ஒரு பஞ்சாங்கமும் ஒரு தானியக் கணக்கும். பீரங்கிகள் அந்த இரண்டுக்கும் அடங்கியே வெடித்தன.

இதற்கு முதற்சான்று திருச்சிராப்பள்ளி. 1751இல் ஆற்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரிய முகமது அலி அந்தக் கோட்டைக்குள் இருந்தார். அதே பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் வெளியே இருந்தார்கள். கோட்டையைப் பீரங்கியால் பிடிக்க அவர்களால் முடியவில்லை. 1752இல் ஆங்கிலேயத் தளபதிகள் லாரன்சும் கிளைவும் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. பிரெஞ்சுத் தளபதி லா ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார். உணவும் துணைப்படையும் கொண்டுவந்த தொத்தேய் அவரைச் சேர முடியாமல் வாலிகொண்டபுரத்தில் பிடிபட்டார். வெளியே இருந்து உணவு வரும் என்ற நம்பிக்கை அத்தோடு போயிற்று. 1752 ஜூனில் லா சரணடைந்தார். அதே நாட்களில் தஞ்சாவூர்த் தளபதி மானோஜியை நம்பிச் சென்ற சந்தா சாகிபு தலையிழந்தார். இந்த முழுக்கதையிலும் திருச்சி மதிலில் ஏறி எவரும் வெல்லவில்லை. ஸ்ரீரங்கத்தின் ஏழு பிராகாரங்களை எவரும் உடைக்கவும் இல்லை. உள்ளே இருந்தவன், வெளியே இருந்தவன் என்ற நிலை ஒரே ஆண்டில் இடம் மாறியது. அப்படி மாற்றியவர்கள் கொள்ளிடக் கரையின் வழிகளைப் பிடித்து வைத்தவர்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். உதவிக்குக் கூலியாகத் திருச்சியைத் தருவதாகச் சொன்ன முகமது அலி வாக்குத் தவறியதால், மைசூரின் நஞ்சராஜர் இப்போது பிரெஞ்சுக்காரரோடும் முராரி ராவின் மராட்டியரோடும் சேர்ந்து நகரைச் சுற்றினார். 1753 வசந்தத்தில் உள்ளே இருந்த ஆங்கிலேயத் தளபதி டால்ட்டன் களஞ்சியக் கணக்கைக் கேட்டபோதுதான், நவாபின் உறவினர் ஒருவர் பஞ்ச விலைக்குத் தானியத்தை விற்றுத் தீர்த்திருந்தது தெரிந்தது. மிச்சமிருந்தது சில வாரத்துக்கே காணும். அந்தச் செய்திதான் லாரன்சைக் கடற்கரையிலிருந்து திருச்சிக்கு ஓட வைத்தது. அதன்பின் திருச்சிக்காக நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை தானிய வண்டிகளுக்காக நடந்தவை. இன்று ரயில்வே பணிமனையால் பெயர்பெற்ற பொன்மலைப் பாறையை 1753 ஜூனில் லாரன்ஸ் மீட்டதற்கும், ஆகஸ்டில் தஞ்சாவூரிலிருந்து பொதிமாட்டு வரிசையோடு சண்டையிட்டுக்கொண்டே வந்ததற்கும் நோக்கம் ஒன்றே. தஞ்சாவூரின் பிரதாபசிம்மனும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் அனுப்பிய அரிசி இல்லாமல் அந்த நகரம் ஒரு மாதம்கூடத் தாங்கியிராது. நவம்பரில் ஓர் இரவு பிரெஞ்சுக்காரர் ஏணி வைத்து வெளிமதிலில் ஏறியும்விட்டார்கள். அவசரப்பட்டுச் சுட்ட குண்டுச்சத்தம் உள்ளே இருந்தவர்களை எழுப்பிவிட, அந்த முயற்சி தோற்றது. 1754 பிப்ரவரியில் கூத்தைப்பாரில் ஒரு பெரிய தானிய வரிசை அழிந்தது. மதிலில் ஏறிய அந்த இரவைவிட, தானியம் அழிந்த இந்த நாள்தான் ஆங்கிலேயருக்குப் பேரிழப்பாக இருந்தது. தேர்ந்த வீரர்களின் ஓர் அணியே அதைக் காக்கப் போய் மடிந்தது.

எதிர்த்தரப்புக்கும் இது தெரியும் என்பதற்கு அதே ஆண்டு மே மாதம் சான்று. தஞ்சாவூர் மன்னர் அரிசி அனுப்புவதை நிறுத்த, பிரெஞ்சுப் படை அவருடைய கோட்டையைத் தாக்கவில்லை. கோயிலடிக்குப் போய், காவிரியையும் கொள்ளிடத்தையும் பிரிக்கும் கரையை உடைத்தது. கொள்ளிடம் தாழ்ந்த படுகை. கரை உடைந்தால் காவிரி நீர் அதில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும், தஞ்சைச் சமவெளி வறளும். குறுவைக்குத் தண்ணீர் வரும் பருவத்துக்குச் சற்று முன்னதாகச் செய்த வேலை இது. எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்கிறது, அந்த வயலின் நெல் எந்தப் படையின் சட்டிக்குப் போகிறது என்பதைச் சரியாகக் கணித்த ஒருவரின் திட்டம். ஒரு கோட்டையின் அரண் அதன் அகழியோடு முடிவதில்லை, தொலைவில் இருக்கும் ஆற்றங்கரை வரை நீள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிரெஞ்சுத் தளபதி லாலியின் கதை இதே பாடத்தைத் தோல்வியின் பக்கத்திலிருந்து சொல்கிறது. 1758இல் புதுச்சேரியில் வந்திறங்கிய அவர் துணிவில் குறைந்தவர் அல்லர். வந்த சில வாரங்களிலேயே கடலூரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். ஆனால் அதற்குப் போகும்போது மாடும் கூலியாளும் போதாமல், சாதி வேறுபாடு பாராமல் புதுச்சேரிக் குடிமக்களைப் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். அதோடு உள்ளூர் மக்களும் வணிகரும் அவரைவிட்டு விலகினர். பணத்துக்காகத் தஞ்சாவூர்மீது படையெடுத்தவர், வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடித் தோண்டினார். ஆறு பிராமணர்களை உளவாளிகள் என்று பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். தஞ்சாவூர் மதில் முன் நின்றபோது அவருடைய மருந்தும் உணவும் தீர்ந்திருந்தன, ஆகஸ்டில் பின்வாங்கினார். டிசம்பரில் சென்னையை முற்றியபோதும் நிலை அதுவே. கறுப்பர் பட்டணத்தைக் கொள்ளையடித்த அவருடைய வீரர்கள் சாராயத்தில் மயங்கிக் கிடந்தார்கள். பின்னால் செங்கல்பட்டுப் பக்கம் ஆங்கிலேயர் தரப்பில் முகமது யூசுப்கானின் சிப்பாய்களும் கையோவின் படையும் அவருக்கு வரும் உணவை வெட்டிக்கொண்டிருந்தன. மதிலில் உடைப்பு விழுந்தும், ஏறிப் போவது சாத்தியமில்லை என்று அவருடைய அதிகாரிகளே சொன்னார்கள். 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலக் கப்பல்கள் தெரிந்தன. மறுநாள் லாலி தன் பீரங்கிகள் பலவற்றை விட்டுவிட்டுப் போனார். காரன்வாலிஸும் 32 ஆண்டு கழித்துச் செய்யப்போவது ஏறக்குறைய இதைத்தான்.

லாலியின் முடிவும் பசியில்தான் வந்தது. 1760 செப்டம்பர் முதல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் புதுச்சேரியைத் தரைவழியாக அடைத்தார். கடலைக் கப்பல்கள் அடைத்தன. உதவிக்கு உணவும் படையும் அனுப்பிய ஹைதர் அலி, மைசூரில் தன் பதவிக்கே ஆபத்து வந்ததால் ஏற்கெனவே அவற்றைத் திருப்பி அழைத்திருந்தார். நவம்பரில் லாலி ஏறத்தாழ 1,400 உள்ளூர் மக்களை ஊரைவிட்டு வெளியேற்றினார், சாப்பிடும் வாய்கள் குறையட்டும் என்று. ஆங்கிலேயர் தங்கள் வரிசையைத் தாண்ட விடவில்லை. திரும்பி வந்தவர்களைப் பிரெஞ்சுக் காவலர் சுட்டார்கள். எட்டு நாள் அந்த மக்கள் இரண்டு படைகளுக்கு நடுவே புல்வேரைத் தின்று கிடந்தபிறகே கூட் வழிவிட்டார். 1761 புத்தாண்டுச் சமயத்தில் ஒரு புயல் ஆங்கிலக் கப்பல்கள் சிலவற்றை நூற்றுக்கணக்கான மாலுமிகளோடு விழுங்கியது. முற்றுகையை உடைக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திராது. ஆனால் வெளியே பாயத் தெம்புள்ள வீரர் உள்ளே இல்லை. ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது. துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை கண்மூடியதும் அந்த ஜனவரியில்தான். கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதிய அந்த வணிகரின் பக்கங்களில் அரசியலோடு சரக்கும் விலையும் கடனும் கலந்தே வருகின்றன. பிரெஞ்சு அதிகாரம் எதன்மேல் நின்றது என்பதை அறிய அந்தக் கலப்பே போதும்.

சென்னையில் லாலியின் உணவை வெட்டிய யூசுப்கான் இந்த வாதத்துக்கு முக்கியமானவர். திருச்சி முற்றுகையின்போது தானிய வரிசைகளைப் பகைவர் கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டுவந்து சேர்ப்பதில் அவருக்கு இணையில்லை என்று லாரன்ஸே மெச்சினார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. பின்னர் மதுரையை ஆண்டவர், நவாபையும் கும்பெனியையும் எதிர்த்து நின்றபோது, 1763இல் அதே கும்பெனி அவரை மதுரைக்குள் முற்றியது. முதல் ஆண்டு மழையும் காய்ச்சலும் முற்றுகையை விரட்டின. 1764 ஜூன் 26 அன்று மதிலில் உடைப்பு ஏற்படுத்தி ஏறித் தாக்கினார்கள்; பெரும் சேதத்தோடு தூக்கி எறியப்பட்டார்கள். ஐரோப்பியப் பீரங்கி, ஐரோப்பியக் கட்டுப்பாடு இரண்டும் முழுமையாக இருந்தும் பலிக்கவில்லை. அதன்பின் மேஜர் கேம்பல் தாக்குவதை விட்டுவிட்டு வழிகளை அடைத்தார். மூன்று மாதப் பட்டினிக்குப் பிறகு அக்டோபரில் மார்ஷான் என்ற பிரெஞ்சுக் கூலிப்படைத் தலைவனும் திவான் சீனிவாசராவும் யூசுப்கானைக் கட்டிக் கொடுத்தார்கள். அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். பசியை உடைத்துப் புகழ்பெற்றவன் பசியாலேயே பிடிபட்டான். நாட்டுப்பாடல்களில் இது துரோகக் கதையாக நிலைத்துவிட்டது. துரோகம் நடந்தது உண்மை. ஆனால் ஜூனில் தாக்குதலைச் சேர்ந்து முறியடித்த அதே ஆட்கள் அக்டோபரில் ஏன் கட்டிக் கொடுத்தார்கள்? இடையில் மாறியது அவர்களுடைய குணம் என்பதைவிட, அவர்களுடைய களஞ்சியம் என்று சொல்வதே பொருந்தும். நீண்ட முற்றுகையில் துரோகம் பெரும்பாலும் பசியின் கடைசி அறிகுறியாகவே வருகிறது.

இந்தப் பாடத்தை மிக நன்றாகப் படித்தவர் ஹைதர் அலி. 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியே இறங்கியவர் கோட்டைகளோடு நிற்காமல், சென்னையைச் சுற்றியிருந்த நாட்டையே எரித்து, ஊர்களைக் காலிசெய்து, நகரை உணவற்ற ஒரு வளையத்துக்குள் வைத்தார். செப்டம்பரில் பொல்லிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படை அழிந்துகொண்டிருந்தபோது, சில மணி நேர நடைத் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ அசையாததற்கு அவரே சொன்ன காரணம், சேர்த்து வைத்த அரிசியையும் பீரங்கிகளையும் விட்டுவர முடியாது என்பது. மறுநாள் பெரும் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு அவர் சென்னைக்கு ஓடினார். 1781 ஜூனில் கூட் சிதம்பரம் கோயில்கோட்டையைத் தாக்கித் தோற்றதும் அங்கிருந்த தானியத்துக்காகவே. ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து வந்து அவருக்கும் கடலூருக்கும் இடையே நின்றார். அந்த வேகம் மைசூரின் அரசு மாட்டுப்பண்ணையில் வளர்ந்த இழுவை மாடுகளால் வந்தது. வெண்ணெய்ச் சாவடி என்று தொடங்கி, திப்பு காலத்தில் அமிர்தமகால் என்று பெயர்பெற்ற பண்ணை அது. கூட் பரங்கிப்பேட்டையில் வென்றார். ஆனால் வென்ற ஒவ்வொரு முறையும் மாடும் அரிசியும் இல்லாமல் துரத்த முடியாமல் நின்றார். வேலூர்க் கோட்டையை ஹைதர் ஓராண்டுக்கு மேல் அடைத்து வைத்திருந்தார். 1782 ஜனவரியில் கூட் உடல் தளர்ந்த நிலையிலும் அங்கே கொண்டுபோனது அரிசி மூட்டைகளையே. அது சேர்ந்ததால் வேலூர் நின்றது.

இனி மறுப்புகளைப் பார்க்கலாம். முதல் மறுப்பு 1791 பெங்களூரும் 1799 ஸ்ரீரங்கப்பட்டணமும். இரண்டும் உடைப்பு வழியே ஏறிப் பிடித்த கோட்டைகள். பசியால் விழுந்தவை அல்ல. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பீரங்கிகளை மதில் வரை கொண்டுசேர்த்தது எது என்ற கேள்வி மிஞ்சுகிறது. 1791 தோல்விக்குப் பிறகு காரன்வாலிஸ் செய்தவற்றைப் பாருங்கள். அந்த ஆண்டின் மீதிக் காலத்தில் நந்திதுர்க்கம், சாவனதுர்க்கம் போன்ற மலைக்கோட்டைகளைப் பிடித்துத் தானியம் வரும் வழிகளைத் திறந்தார். பொதிமாட்டுக் கூட்டத்தோடு நாடெங்கும் தானியம் விற்றுத் திரிந்த லம்பாடிகளை நல்ல விலை கொடுத்துத் தம் பக்கம் இழுத்தார். போர் நடக்கும் நாட்டில் யார் பக்கம் விலை நல்லதோ அங்கே போகும் வணிகர் அவர்கள். எந்த அரசனுக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர். 1792 பிப்ரவரியில் திரும்பி வந்த படை மாடும் அரிசியும் நிறைந்து வந்தது. திப்பு தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்ச ரூபாயையும் கொடுத்து உடன்படிக்கை செய்தார். 1799இலும் இதே கதைதான். வேலூரில் தங்கிப் படையின் உணவையும் மாட்டையும் ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன். திப்பு நேர்வழியில் புல்லை எரித்துக் காத்திருக்க, ஆங்கிலேயத் தளபதி ஹாரிஸ் தெற்கே விலகிச் சோசலை அருகே காவிரியைக் கடந்தார்; அங்கே புல்லும் தானியமும் எரியாமல் இருந்தன. அப்படியும் ஏப்ரல் 16 அன்று எண்ணிப் பார்த்தபோது மூன்று வாரத்துக்குக்கூட அரிசி இல்லை என்று தெரிந்தது. ஜூனில் காவிரி பெருகும். மே 4 நண்பகல் தாக்குதல் அந்த இரண்டு கெடுக்களுக்கும் முந்திக்கொண்ட ஓட்டம். திப்பு இன்னும் சில வாரம் தாக்குப்பிடித்திருந்தால் ஹாரிஸும் பீரங்கியை உடைத்துவிட்டுத் திரும்பியிருக்கக் கூடும். பீரங்கி கதவைத் திறந்தது உண்மை. அந்தக் கதவு வரை வழி திறந்தவை வேறு.

இரண்டாவது மறுப்பு ஆற்காடு. 1751இல் கிளைவ் கைப்பிடியளவு ஆட்களோடு 50 நாள் கோட்டையைக் காத்தது வீரத்தாலன்றி வேறெதனால் என்று கேட்கலாம். 1840இல் மெக்காலே எழுதிய கட்டுரை அதை ஒரு வீரகாவியமாகவே நிலைநிறுத்தியது. சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித்தண்ணீரைக் குடித்த சிப்பாய்களின் கதையும் அப்படித்தான் பரவியது. காவியத்தின் அடியில் கணக்கு இருக்கிறது. கோட்டைக்குள் நுழைந்த கிளைவ் அங்கே வணிகர் பத்திரத்துக்கு வைத்திருந்த பெரும் செல்வத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்தார். ஊரின் பெரியமனிதர்கள் அதனால் அவர் பக்கம் சாய்ந்தார்கள். முற்றுகை தொடங்கும்போது 120 ஐரோப்பியருக்கும் 200 சிப்பாய்களுக்கும் 60 நாள் உணவுதான் உண்டென்று கண்டு, சில கைவினைஞர் தவிர மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பினார். 60 நாள் அரிசி, 50 நாள் முற்றுகை: அந்த வீரம் நின்ற தளத்தின் அளவு இதுதான். முற்றுகையிட்ட ராஜா சாகிபு கடைசி நாளில் யானைகளை ஏவித் தாக்கியதும், அப்போது கிளைவுக்கு உதவ முராரி ராவின் மராட்டியர் நெருங்கி வந்து இனிக் காத்திருக்க நேரமில்லை என்றானபோதே. காத்திருக்க முடிந்திருந்தால் பத்து நாளில் பசி அவருக்காக வேலை செய்திருக்கும்.

மூன்றாவதாக, கடல் ஆங்கிலேயரிடம் இருந்தது, அதுவே காரணம் என்பார்கள். பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தாஷே மொரீசியசுக்குத் திரும்பியதும் லாலி அநாதையானார் என்பது சரி. ஆனால் கடல் என்பது மாடே வேண்டாத தானியப் பாதை. வங்காளத்தின் பணமும் அரிசியும் அதன்மேல் வந்தன. எனவே இது என் வாதத்தை மறுப்பதைவிட அதற்கு இன்னொரு பெயர் சூட்டுகிறது. உள்நாட்டில் திருச்சி, மதுரை, வேலூர் எவற்றுக்கும் கப்பல் வரவில்லை. அங்கே பொதிமாடுதான் கப்பல்.

உண்மையான எல்லை தெற்கே இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியின் மண்கோட்டை 1799 செப்டம்பரில் கும்பெனித் தளபதி பானர்மேனின் தாக்குதலையும், ஊமைத்துரை சிறைமீண்டு வந்து சில நாளில் திரும்பக் கட்டிய பிறகு 1801 மார்ச் 31 தாக்குதலையும் தாங்கியது. மே 24 அன்றுதான் விழுந்தது. அங்கே பட்டினி பெரிய பங்கு வகிக்கவில்லை. மண்சுவர் குண்டை விழுங்கியது, உள்ளே இருந்தவர்கள் ஈட்டியோடு நின்றார்கள், பெரும் பீரங்கிகளும் கூடுதல் படையும் வந்தபின்னரே ஆங்கிலேயர் வென்றார்கள். இங்கே என் வாதம் குறைவாகவே பொருந்துகிறது. ஆனால் அதற்கடுத்த காளையார்கோவில் மீண்டும் பழைய பாடத்துக்கு இழுக்கிறது. மருது சகோதரரின் காட்டை ஊடுருவ, 1801 ஆகஸ்டில் ஒரு மாதம் மரம் வெட்டிப் பாதை போட்டார்கள். படை நகரும் வேகத்தைவிடக் காடும் மறைந்திருந்தவர்களும் வலுவாக இருந்ததால் கைவிட்டார்கள். அக்டோபரில் வேறு வழிகளில் நுழைந்தபோதே கோவில் பிடிபட்டது. பாளையக்காரருக்கு அரண் மதிலாக இல்லை. சுற்றியிருந்த ஊரும் காடுமே அரண். கும்பெனி அதைப் புரிந்துகொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த பிரகடனம் கோட்டைகளை இடிக்கச் சொன்னதோடு நில்லாமல், ஊர்மக்களின் ஆயுதங்களையும் பறித்தது.

இப்படிப் பார்ப்பதால் என்ன மாறுகிறது? முதலில், வென்றவர் யார் என்பது மாறுகிறது. ஐரோப்பியர் தென்னாட்டைத் தனியே வென்றார்கள் என்ற கதை, மாடு விற்றவர், தானியம் கடன் கொடுத்தவர், பொதி நடத்திய லம்பாடி, அரிசி அனுப்பிய தொண்டைமான் எல்லோரையும் மேடையிலிருந்து இறக்கிவிடுகிறது. அவர்கள் தம் நலனுக்காகத்தான் நடந்தார்கள். ஆனால் அவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்களோ அந்தப் பக்கமே கோட்டை சாய்ந்தது. தொடர்ந்து கடன் வாங்கவும் விலை கொடுக்கவும் முடிந்த அமைப்பு கும்பெனிக்கு இருந்தது. நவாபுகளுக்கும் லாலிக்கும் அது இல்லாமல் போயிற்று. மைசூர் கொள்ளையாலும் அரசுப் பண்ணையாலும் ஒரு தலைமுறை ஈடுகொடுத்தது. இரண்டாவதாக, பாதிக்கப்பட்டவர் யார் என்பதும் மாறுகிறது. முற்றுகை என்றால் கோட்டைக்குள் இருந்தவரின் துயரம் என்று நினைக்கிறோம். பொதிமாட்டைப் பறிகொடுத்த உழவர், எரிந்த வைக்கோற்போர், உடைந்த கோயிலடிக் கரை, புதுச்சேரியின் இரு வரிசைகளுக்கு நடுவே புல்வேர் தின்ற மக்கள்: முற்றுகையின் பெரும்பகுதி மதிலுக்கு வெளியேதான் நடந்தது. ஹைதரின் வளையத்திலிருந்து சென்னைக்கு ஓடிவந்தவர்களுக்குப் பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்ற 1782இல் எழுந்ததே மணியக்காரர் சத்திரம். அந்த வட்டாரத்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு வடசென்னையில் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே பேர்.

வென்றவர்களுக்கு எதனால் வென்றோம் என்பதில் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்புவின் அமிர்தமகால் மாடுகள் கும்பெனியின் கைக்கு வந்தன. பண்ணையை முதலில் மைசூர் அரசிடமே விட்டுவைத்தார்கள். மந்தை தரம் குன்றியதும் 1813இல் திரும்ப வாங்கித் தம் படையின் உணவுத்துறையிடம் ஒப்படைத்தார்கள். பாளையக்காரரின் மதில்களை இடித்துத் தள்ளிய அதே அரசு, மேய்ச்சல் காவல்களை அளந்து, கன்றுகளை எண்ணிக் கணக்கெழுதியது.